பொருந்தும் என்னும் சொல்

விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் உள்ள உறவு, காசு கைமாறிய அக்கணமே அற்றுப்போகின்றதா? அற்றுப்போகின்றது என்பதே உலக வழக்கு. சந்தையில் ஒரு மண்பானை வாங்குகிறோம், வீட்டிற்குக் கொணர்ந்து உலையேற்றுகிறோம், குயவரை மறந்துவிடுகிறோம். அவரும் நம்மை மறந்துவிடுகிறார். இதில் எவர்மீதும் குற்றமில்லை. பானை தன்னளவில் முழுமை பெற்ற பொருள்.

ஆயின், தன்னளவில் முழுமை பெறாத பொருள்களும் உலகில் உள. சிமினி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கு எதற்கு ஆகும்? உலக்கை இல்லாத உரலால் யாருக்கு என்ன பயன்? இத்தகைய பாதிப் பொருளை விற்பவன் அந்தப் பாதியை மட்டுமா விற்கிறான்? மற்றப் பாதி நாளையும் கிடைக்கும் என்னும் நம்பிக்கையையும் சேர்த்தன்றோ விற்கிறான்? அந்த நம்பிக்கைக்குச் சீட்டு இல்லை, முத்திரை இல்லை, சாட்சியும் இல்லை. இல்லாததனால் அது கடன் அல்ல என்று சொல்லிவிடலாமா? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த கேள்வி.

இதற்குக் காமிராவை உதாரணமாக எடுத்துக்கொள்வது அன்பர்கள் சிலருக்கு வியப்பாயிருக்கும். நகரத்து அன்பர்களுக்குக் காமிரா ஒரு பொழுதுபோக்கு. தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பிச் சென்று, திருமணத்துக்கும் தீமிதித் திருவிழாவுக்கும் படம் பிடித்துச் சம்பளத்துக்கு மேல் நாலு வெள்ளி தேடும் இளைஞனுக்கோ அஃது அடுப்பெரியும் பேச்சு. மேலும், விற்றபின் நிற்கும் கடமை எத்தன்மையது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பொருளை யாம் கண்டதில்லை.

நல்ல காமிரா இரண்டு பகுதிகளாலானது. ஒன்று உடல், மற்றொன்று லென்சு எனப்படும் கண்ணாடி வில்லைத் தொகுதி. உடலின் முகப்பில் உலோகத்தாலான வாய்வளையம் ஒன்று உண்டு. லென்சை அதில் வைத்துத் திருகினால் இரண்டும் ஒன்றாகும். கிட்டக் காட்சிக்கு ஒரு லென்சு, தூரக் காட்சிக்கு ஒரு லென்சு, முகத்துக்கு ஒரு லென்சு எனப் பல வேண்டும். உடல் விரைவில் பழசாகும். நல்ல கண்ணாடியோ, பேணி வைத்தால் நாற்பது ஐம்பது ஆண்டு உழைக்கும். (நம் நாட்டு ஈரக்காற்றில் அதற்குப் பூசணம் பிடியாமல் காப்பது தனிப் பாடு, அரிசிப் பானையைக் காப்பதைவிடக் கடினம்.) ஆதலின் தொழில் தெரிந்தவர் உடலில் சிக்கனம் பிடித்து, லென்சில் பணத்தை இடுவர். பத்தாண்டில் ஒருவர் வாங்கிச் சேர்த்த லென்சுகளின் விலை, அவர் உடலுக்குக் கொடுத்த விலையைப்போல் பன்மடங்காகிவிடும். அவ்வளவும் அந்த வாய்வளையத்தின் அளவை நம்பி இட்ட முதல்.

ஜப்பான் நாட்டு நிக்கான் கம்பெனியார் 1959-ஆம் ஆண்டில் ‘நிக்கான் எஃப்’ என்னும் காமிராவை வெளியிட்டனர். அதன் வாய் 44 மில்லிமீட்டர் அகலம். வாயின் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம். இவ்விரண்டு அளவுகளையும் அவ்வரிசைக் காமிராக்களில் அறுபது ஆண்டுக்கு மேல் அவர்கள் மாற்றவில்லை. தலைமுறைகள் மாறின, பிலிம் போய் மின்னணுத் தகடு வந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. கேட்பதற்கு அரிச்சந்திரன் கதைபோல் இருக்கின்றதன்றோ?

சற்று உள்ளே நுழைந்து பார்ப்போம். வாய் மாறவில்லையாயினும், வாய்க்குள் நடந்த பேச்சு மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில், லென்சின் துவாரம் எவ்வளவு திறந்துள்ளது என்பதை உடலிலுள்ள ஒளிமானிக்குத் தெரிவிக்க, லென்சின் மேல் முயற்காது போன்ற ஓர் உலோகக் கவை இருந்தது. 1977-ஆம் ஆண்டில் இம்முறை மாறிற்று. லென்சு வளையத்தின் விளிம்பே உடலிலுள்ள ஒரு சிறு நாக்கைத் தள்ளிச் செய்தி சொல்லும்படி செய்தனர். பழைய லென்சைப் புதிய உடலில் வலிந்து மாட்டினால் அந்நாக்கு ஒடியும். இதற்குக் கம்பெனியார் இரண்டு பரிகாரம் செய்தனர். சில உடல்களில் நாக்கை மடித்து ஒதுக்கிவைக்க வழி வைத்தனர். பழைய லென்சு உடையவர்களுக்கு, கட்டணம் பெற்றுக்கொண்டு, வளையத்தை மாற்றிக் கொடுத்தனர். பழைய பாக்கியைப் புதிய பேரேட்டில் ஏற்றும் நேர்மையான கணக்கன் செய்வதும் இதுவே. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு அது நன்கு விளங்குகிறது.

பின்னர், காமிரா தானே குவியம் பிடிக்கும் காலம் வந்தது. கையால் வளையத்தைத் திருகித் தெளிவு பார்க்க வேண்டுவதில்லை. ஒரு சிறு மோட்டாரே திருகும். நிக்கான் கம்பெனியார் 1986-ஆம் ஆண்டின் எஃப்-501 என்னும் காமிராவில் அம்மோட்டாரை உடலுக்குள் வைத்தனர். வாய்வளையத்தினூடே திருப்புளி முனைபோல் ஒரு தண்டு நீண்டு லென்சைத் திருப்பும். பழைய வாயைக் காப்பாற்றிக்கொண்டே புதுமையைப் புகுத்த அன்று அதுவே வழியாயிற்று.

இனி மற்றொரு கம்பெனியாரைப் பார்ப்போம். கேனன் கம்பெனியார் 1971 முதல் ‘எஃப்.டி.’ என்னும் வாயை உடைய காமிராக்களை விற்றுவந்தனர். 1985-இல் டி-80 என்னும் காமிராவில் அந்தப் பழைய வாயிலேயே தானியங்கிக் குவியத்தைப் புகுத்த முயன்றனர். அதற்கென வந்தவை மூன்றே லென்சுகள், முயற்சி சோபிக்கவில்லை. 1986-ஆம் ஆண்டில் டி-90 என்னும் மிக உயர்ந்த காமிராவை வெளியிட்டனர். தொழில் செய்வோர் நம்பி வாங்கினர். அடுத்த ஆண்டு, 1987 மார்ச்சு மாதத்தில், ‘ஈ.ஓ.எஸ். 650’ வந்தது. அதன் வாய் முற்றிலும் புதிது. 54 மில்லிமீட்டர் அகலம். தண்டு இல்லை, நெம்பு இல்லை, நாக்கு இல்லை. மின்தொடர்புப் புள்ளிகள் மட்டுமே. மோட்டார் ஒவ்வொரு லென்சுக்குள்ளும் இருந்தது. பழைய லென்சு ஒன்றுகூட நேரே அதில் ஏறாது. இடைவளையம் வைக்கலாம் என்றால் அதுவும் இயலாது. பழைய லென்சு பிலிமிலிருந்து 42 மில்லிமீட்டர் தொலைவில் நிற்கும்படி செய்யப்பட்டது. புதிய உடலில் அத்தொலைவு 44. இரண்டே மில்லிமீட்டர்! கண்ணாடியற்ற வெற்று வளையத்தை இடையில் வைத்தால் தூரத்துக் காட்சி குவியாது.

சென்ற ஆண்டு டி-90 வாங்கியவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பதினாறு ஆண்டாக லென்சு சேர்த்தவன் தன் பெட்டியைத் திறந்து பார்த்து என்ன எண்ணியிருப்பான்! இவ்வரலாற்றை முதன்முதலில் படித்தபோது, இது நம்பிக்கைத் துரோகம் என்றே யாம் கொண்டோம். நிக்கான் சொன்ன சொல் காத்தவர். கேனன் சொல் தவறியவர். அத்தோடு கணக்கை மூடிவிட்டோம்.

மூடிய கணக்கைத் திறக்கும்படி பிற்கால நிகழ்ச்சிகள் செய்தன.

2006-ஆம் ஆண்டின் இறுதியில் நிக்கான் கம்பெனியார் டி-40 என்னும் மலிவான மின்னணுக் காமிராவை அறிமுகப்படுத்தினர். சிறியது, இலேசானது, புதிதாகப் படம் பிடிக்கக் கற்போரின் கைக்கு எட்டும் விலையுடையது. விலையைக் குறைக்கவும் உருவைச் சுருக்கவும் உடலிலிருந்த மோட்டாரையும் தண்டையும் எடுத்துவிட்டனர். வாய் மட்டும் அதே 1959-இன் வாய். 1986 முதல் விற்ற தண்டு லென்சுகள் அதில் அழகாக ஏறும். ஏறிய பின்னர்த் தாமாகக் குவியம் பிடிக்கமாட்டா. விலையுயர்ந்த உடல்களிலோ மோட்டார் இருந்தது. 2005-இல் வந்த டி-200-இல் மோட்டாரும் உண்டு, 1977-இன் நாக்கும் உண்டு.

இதனை எண்ணிப் பாருங்கள். பழைய லென்சைத் தேடுபவன் யார்? புதிய லென்சு வாங்க வகையில்லாதவன். அவன் வாங்கக்கூடிய உடல் எது? மலிவான உடல். பழைய லென்சை முழுதும் ஏற்றுக்கொள்ளும் உடல் எது? விலையுயர்ந்த உடல். பணமுள்ளவனுக்குப் பழையதும் உழைக்கும், புதியதும் உழைக்கும். இல்லாதவனுக்குத்தான் பழையது உழையாது. காக்கப்பட்ட வாக்குறுதி எவனுக்கு வேண்டுமோ அவனை விட்டுவிட்டு, வேண்டாதவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சொல்லாமல் விட மனமில்லை. டி-40-இல் மோட்டாரோடு அந்த 1977-இன் நாக்கும் இல்லை. ஒடிவதற்கு நாக்கே இல்லாமையால், 1959-ஆம் ஆண்டின் முயற்காது லென்சு எவ்விதத் தடையுமின்றி அதில் ஏறிக்கொள்ளும். ஒளிமானி மட்டும் வேலை செய்யாது. கிழவரைத் திண்ணையில் உட்காரவிட்டு, அவரோடு ஒருவரும் பேசாத வீடுகளை நாம் கண்டதில்லையா?

இங்கே ஒரு தடை எழும். அது வலிய தடை. ‘முன்பு எவனோ வாங்கிய லென்சுக்காக, இன்று முதன்முதல் காமிரா வாங்கும் ஏழைப் பையன் ஏன் மோட்டாருக்கும் தண்டுக்கும் காசு கொடுக்கவேண்டும்? அவனிடம் பழைய லென்சு ஒன்றுமில்லையே. பெரும்பாலோர் உடலோடு கூட வரும் லென்சைத் தவிர வேறொன்று வாங்காமலே காலம் தள்ளுகின்றனர். அவர்கள் தலையில் பழையவர்களின் கடனைக் கட்டுவது நீதியாகுமா?’

யாம் இதனை எளிதாகத் தள்ளமாட்டோம். பழையதைக் காப்பது புண்ணியம் என்று பேசுவோர், அப்புண்ணியத்துக்குப் பணம் கொடுப்பவர் யாவர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஜெர்மனி நாட்டு லைக்கா கம்பெனியார் 1954-இல் அமைத்த வாயை இன்றும் வைத்திருக்கின்றனர். அன்றைய லென்சு இன்றைய உடலில் ஏறும்; கையால் திருகித் தெளிவு பார்க்கலாம். மிகவும் சிறப்பு. ஆயின் அவ்வுடலின் விலையைக் கேட்டால் எம்போன்ற கிராணிக்குப் பல மாதச் சம்பளம் காணாது. எல்லாரும் கொடுக்க முடியாத விலையில் காக்கப்படும் வாக்கு, குளிர்சாதன அறையில் வைத்த ரோசாப்பூ.

ஆகவே, மோட்டாரை எடுத்தது குற்றமன்று. சிக்கனம் குற்றமன்று. செலவு நெருக்கும்போது எதையேனும் விட்டுத்தான் ஆகவேண்டும். தோட்டத்து வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது எதனை வெட்டுவது என்று தெரியாமல் விழித்த இரவுகள் எமக்கும் உண்டு. அவ்வாறாயின் குற்றம் எங்கே இருக்கின்றது?

கேனன் கம்பெனியார் கதையின் பிற்பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். 1987-இல் அவர்கள் பழையவர்களின் முகத்தைப் பார்த்து, பொருந்தாது என்றனர். அச்சொல் கொடியது. ஆனால் அதில் மயக்கம் இல்லை. வாய் வேறு, பெயர் வேறு. கடைக்காரரும் ஏமாற்ற முடியாது, வாங்குபவனும் ஏமாற முடியாது. முப்பத்தோராண்டு கழித்து, 2018-இல், கண்ணாடித் திரை நீங்கிய புதுவகைக் காமிராக்கள் வந்தபோது, அவர்கள் மீண்டும் வாயை மாற்றினர். புதிய வாய்க்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் 20 மில்லிமீட்டர், பழையதில் 44. இடையிலுள்ள இடத்தில் ஓர் இணைப்பு வளையத்தை வைத்தனர். 1987-இல் விற்ற லென்சும் அதன்வழியே தானாகக் குவியம் பிடிக்கின்றது. மோட்டார் லென்சுக்குள்ளேயே இருந்தமையாலும், எல்லாப் பேச்சும் மின்தொடர்பாலேயே நடந்தமையாலும் இது கைகூடிற்று. அதே 2018-இல் நிக்கான் கம்பெனியாரும் புதிய வாய்க்கு மாறி, இணைப்பு வளையம் தந்தனர். அதனுள் மோட்டார் இல்லை. ஆகவே 1986 முதல் விற்ற தண்டு லென்சுகள் மீண்டும் ஒருமுறை திண்ணைக்குப் போயின. (சோனி கம்பெனியார், மினோல்டா வழியில் 2006-இல் தம் கைக்கு வந்த பழைய தண்டு லென்சுகளுக்காக, 2020-இல் ஓர் இணைப்பு வளையத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்துக் கொடுத்தனர். சில உடல்களில் மட்டுமே அது முழுதும் வேலை செய்யும். எனினும் மனம் இருந்தால் வழியுண்டு.)

இதனால் கேனனை உத்தமர் என்று யாம் கொள்ளவில்லை. 2012-இல் ‘ஈ.எஃப்.-எம்.’ என்னும் பெயரில், சிறிய, மலிவான காமிராக்களுக்கென ஒரு வாயை அவர்களே படைத்தனர். புதியவர்கள் பலர் அதனை வாங்கினர். 2023-இல் அவ்வரிசை முடிந்தது. அந்த லென்சுகளைப் புதிய உடலில் மாட்ட வளையம் கிடையாது. காரணம் என்ன தெரியுமா? அவை தகட்டிலிருந்து 18 மில்லிமீட்டரில் நிற்கச் செய்யப்பட்டவை. புதிய உடலில் அத்தொலைவு 20. மீண்டும் அதே இரண்டு மில்லிமீட்டர்! உயர்ந்த லென்சு வாங்கியவர்களுக்குப் பாலம் கட்டியவர்கள், மலிந்த லென்சு வாங்கியவர்களுக்குக் கட்டவில்லை. கம்பெனி எதுவாயினும், இடையில் விழுபவன் கீழ்த்தட்டில் வாங்கியவனாகவே இருக்கின்றான்.

எமது தொழிலில் இதற்கு நேரான ஒரு நிலை உண்டு. தோட்டங்கள் கைமாறுகின்றன. பெயர்ப்பலகை மாறுகின்றது, துரை மாறுகிறார், செக்ரோல் புத்தகத்தின் அட்டை மாறுகின்றது. இருபத்தைந்து ஆண்டு செம்பனையிலும் ரப்பரிலும் உழைத்தவர் புதிய உடைமையாளரிடம் முதலாண்டுக்காரரா, இருபத்தாறாம் ஆண்டுக்காரரா? மலேசியாவில் 1980-ஆம் ஆண்டில் வகுத்த பணிமுடிவு, ஆட்குறைப்பு நன்மைகள் பற்றிய விதிகள் இதற்கு விடை கூறுகின்றன. புதியவர் பழையதற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடர முன்வந்து, தொழிலாளர் ஏற்றுக்கொண்டால், சேவைக்காலம் அறுபடுவதில்லை. முன்வராவிடின், பணி முடிந்ததாகக் கொண்டு, உரிய தொகை கொடுக்கப்படவேண்டும். தொடர்கின்றதா, முடிந்ததா என்பதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தொடர்கின்றது என்று வாயால் சொல்லிவிட்டு, ஏட்டில் பழைய ஆண்டுகளை விட்டுவிடுவதற்கு அவ்விதிகளில் இடமில்லை. காமிரா தொழிலாளியல்ல, லென்சுக்கு வயிறில்லை. ஒப்புமையை அதற்குமேல் இழுத்தல் தகாது. எனினும் அந்தத் தெளிவைத்தான் யாம் காமிராக்காரரிடமும் தேடினோம்.

பென்டாக்சு கம்பெனியாரின் வரலாற்றில் அத்தெளிவின்மை மேலும் நுட்பமாகக் காணப்படும். அவர்கள் 1975-இல் ‘கே’ என்னும் வாயை அமைத்தனர். பிற கம்பெனியாரும் அதனைக் கையாண்டனர். அந்த லென்சுகளில் துவார வளையத்தின் நிலையை உடலுக்குச் சொல்ல ஒரு நெம்பு உண்டு. அதனை உணரும் உறுப்பு முதலில் சில மலிவான உடல்களிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர், 2003-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் மாற்றுலென்சு மின்னணுக் காமிராவிலும் அஃது இல்லை. வளையம் ஏறும், ஒளியளக்க ஒவ்வொரு படத்துக்கும் முன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். கம்பெனியின் வாயோ அன்றும் இன்றும் ‘கே’ வாய்தான். எத்தனை பகுதி குறைந்தால் பெயரை மாற்றவேண்டும் என்பதற்கு எவரும் கணக்கு வைக்கவில்லை. கைப்பிடியை மாற்றி, பின் அலகை மாற்றி, இது எங்கள் தாத்தாவின் கத்தி என்று சொல்பவரைக் கண்டு சிரிக்கிறோம். இவர்கள் கைப்பிடியை வைத்துக்கொண்டு அலகின் கூரை மட்டும் எடுத்துவிட்டனர்.

ஏன் இவ்வாறு செய்கின்றனர்? பொருந்தும் என்னும் சொல்லுக்கு விலையுண்டு. பல ஆண்டாகச் சேர்ந்த நற்பெயர் அச்சொல்லில் தங்கியிருக்கின்றது. மோட்டாரை நீக்கினால் செலவு மிச்சம். சொல்லை வைத்துக்கொண்டால் பெயர் மிச்சம். இரண்டையும் ஒருங்கே பெற முயல்வதே பிழை. விளக்கப் புத்தகத்தில் சிறிய எழுத்தில் அட்டவணை போட்டிருக்கின்றோமே என்பர், உண்மைதான், போட்டிருக்கின்றனர். ஆங்கிலம் பயின்று, பொறுமையும் உடையவர் அதனைப் படிக்கலாம். பழைய சாமான் கடையின் விளக்கொளியில் நின்று பேரம் பேசுபவனிடம் அந்த அட்டவணை இருப்பதில்லை. இருப்பது ‘பொருந்தும்’ என்ற ஒரு சொல்லே.

எம் தமையனார் மகன் ஒருவன் பக்கத்து நகரில் வேலை பார்க்கின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிலும் கலியாண வீட்டிலும் படமெடுப்பான். சென்ற தைப்பூசத்துக்கு முன் பழைய லென்சு ஒன்றை விலைபேசிக்கொண்டு, கடையிலிருந்தே எமக்குத் தொலைபேசியில் பேசினான். அவனிடம் இருப்பது மலிவான உடல். எந்தக் கம்பெனியார் செய்தது, எந்தக் கடை என்பனவெல்லாம் ஈண்டு வேண்டா. “சித்தப்பா, மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்துகிறது, வாங்கலாமா?” என்றான். “மாட்டிய பின்னர்ப் பொத்தானை அரையளவு அழுத்திப் பார்த்தாயா? வளையம் தானாகச் சுழல்கிறதா?” என்று கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. “இல்லை, சித்தப்பா” என்றான். கடைக்காரர் அப்பால் நின்று, பொருந்துமென்றுதானே சொன்னேன், சுழலுமென்றா சொன்னேன் என்று யாரிடமோ சொல்வது எமது காதிலும் விழுந்தது.

விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்கிவந்தான். கையாலேயே திருகி எடுத்துக்கொள்கிறேன் என்றான். பழக்கினால் வரும் என்றோம். தைப்பூசத்தன்று காவடிக் கூட்டத்தில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து எமது மேசைமேல் பரப்பினான். பல மங்கல். ஒன்றில் எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவர், பால்குடம் சுமந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். மூக்குத்தியின் கல் வரை தெளிவாக விழுந்திருந்தது. கண்கள் மட்டும் இம்மியளவு தப்பியிருந்தன. அவன் அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சிட்டு அவரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னான்.